‘ரிசர்வ்’ என்னும் வினைச்சொல்லும் நாமும்

(வெள்ளி விழாவையொட்டிச் செம்பரம்பாக்கத்தில் நடந்த இளைஞர் அரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘வேலைக்கு வேண்டிய ஆங்கிலம்’ என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக்குழுவினர் எம்மைப் பணித்தார்கள். ஆங்கிலம் முழுவதையும் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிட எவராலும் இயலாது. ஆகவே ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் அது நாள்தோறும் வழங்கும் வகைகளையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம். அச்சொல் ‘ரிசர்வ்’ என்பது.

ஆயிரக்கணக்கான வினைச்சொற்கள் இருக்க இதை ஏன் எடுத்தோம்? அதற்கு ஒரு காரணம் உண்டு. சில மாதங்களுக்கு முன்பு எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் எமது இல்லம் தேடி வந்தார். ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்துகொண்டே, இரவில் கண்விழித்துப் படித்து, அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்க இருந்தார். தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்: “சார், சாதிச் சான்றிதழைக் காட்டாமலே விண்ணப்பிக்கலாமா? கூட இருக்கிறவங்க ‘ரிசர்வ் கேஸ்’னு சொல்றாங்க சார். அந்தப் பேரோட உள்ளே போக வேண்டாம்னு தோணுது.”

அறிவும் உழைப்பும் உடைய ஓர் இளைஞர், சட்டம் தமக்கு அளித்த உரிமையை ஒரு சொல்லுக்கு அஞ்சி விட்டுவிட நினைத்தார். அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. சொல்லின் பொருளை அறியாதவரைச் சொல்லாலேயே அடித்துவிடலாம். பொருள் அறிந்தவரிடம் அந்த அடி பலிக்காது. ஆசிரியராகிய நாம் அவருக்குச் செய்யக்கூடிய உதவி, அச்சொல்லின் பொருளை விளக்குவதே என்று எண்ணினோம். அன்று அவர் ஒருவருக்குச் சொன்னதை இன்று உங்கள் எல்லோருக்கும் விரித்துச் சொல்கிறோம்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘ரிசர்வ்’ என்பது இலத்தீன் மொழியிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். ‘ரி’ என்னும் முன்னொட்டுக்குப் ‘பின்னே’ என்று பொருள். ‘சர்வாரே’ என்னும் இலத்தீன் வினைக்குக் ‘காத்தல்’, ‘வைத்திருத்தல்’ என்று பொருள். ஆக, இப்போதே செலவழித்துவிடாமல் பின்னுக்கென்று காத்து வைத்தல் என்பதே ‘ரிசர்வ்’ என்பதன் அடிப்படைப் பொருள். பணிசெய்தல் என்று பொருள்படும் ‘சர்வ்’ என்னும் சொல்லோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அது ‘சர்வீரே’ என்னும் வேறொரு வினையிலிருந்து வந்தது. ‘கன்சர்வ்’, ‘பிரிசர்வ்’, ‘அப்சர்வ்’ ஆகியவையே ‘ரிசர்வ்’ என்பதற்கு உடன்பிறந்த சொற்கள். எல்லாவற்றிலும் காத்தல் என்னும் கருத்து உள்ளே இருக்கிறது.

இனி இச்சொல் அன்றாடம் எங்கெல்லாம் வழங்குகிறது என்று பாருங்கள். இரயிலில் படுக்கையை ரிசர்வ் செய்கிறோம். நாட்டின் நாணயத்தைக் காக்கும் வங்கிக்கு ரிசர்வ் வங்கி என்று பெயர். அது 1935-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில் பணி தொடங்கியது. வழக்கு விசாரணை முடிந்தும் நீதிபதி உடனே தீர்ப்புக் கூறாமல் தள்ளிவைத்தால், தீர்ப்பை ரிசர்வ் செய்தார் என்பர். நூலின் முதற்பக்கத்தில் எல்லா உரிமையும் ரிசர்வ் செய்யப்பட்டது என்று அச்சிடுவர். அந்நூலை மறுபதிப்புச் செய்யும் உரிமையை உடையவர் தம்மிடமே வைத்துக்கொண்டார் என்பது அதன் பொருள். அதிகம் பேசாதவரை ‘ரிசர்வ்ட்’ ஆனவர் என்பர். அவர் தம் பேச்சைத் தமக்குள் காத்து வைக்கிறார்.

பழைய வகை மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோல் குழாயைத் திருப்பினால் ‘ரிசர்வ்’ என்றொரு நிலை இருக்கும். தொட்டியின் அடியில் சிறிதளவு பெட்ரோல் எப்போதும் மிஞ்சியிருக்குமாறு அமைத்திருப்பார்கள். வண்டி நடுவழியில் நின்றால் அக்குழாயைத் திருப்புவோம். வீடு வந்து சேர்வோம். ரிசர்வில் இருக்கும் பெட்ரோல் தரம் குறைந்த பெட்ரோலா? மேலே இருந்ததும் அடியில் இருந்ததும் ஒரே பெட்ரோல்தான். அதை வேறொரு கணக்கில் வைத்திருந்தார்கள், அவ்வளவே. ‘ரிசர்வ் கேஸ்’ என்று சிரிப்பவருக்கு இந்த ஒரு விடை போதும்.

நீங்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளின் வண்டி நிறுத்துமிடத்தையும் நினைத்துப் பாருங்கள். வாயிலுக்கு அருகில், நிழல் உள்ள இடத்தில், ‘ரிசர்வ்ட்’ என்று பலகை வைத்திருப்பார்கள். அங்கே மேலாளருடைய கார் நிற்கும். அம்மேலாளரை எவரேனும் ‘ரிசர்வ் கேஸ்’ என்று அழைத்ததுண்டா? மேலாளருக்கு வைத்தால் மரியாதை, மாரியம்மாள் மகனுக்கு வைத்தால் இழிவு என்றால், குறை அச்சொல்லில் இல்லை; அதைச் சொல்லும் நாவில் இருக்கிறது.

இதன் பெயர்ச்சொல் வடிவமாகிய ‘ரிசர்வேஷன்’ என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர்கள் இதை மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும். எம் முன்னாள் மாணவி ஒருவர் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றிருந்தார். இரவு ஷிப்டு பற்றி உங்களுக்கு ஏதேனும் ‘ரிசர்வேஷன்ஸ்’ உண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். அம்மாணவி, “ஆம், நாங்கள் எஸ்.சி.” என்று விடை கூறினார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அங்கே அச்சொல்லுக்குத் ‘தயக்கம்’, ‘மறுப்பு’ என்று பொருள். முழு மனத்தோடு ஒப்புக்கொள்ளாமல் கொஞ்சம் பின்வைத்தல். “இரவு ஷிப்டில் உமக்குத் தயக்கம் உண்டா?” என்பதே கேள்வி. அம்மாணவி பிழை செய்யவில்லை. வாழ்நாள் முழுவதும் அச்சொல்லை ஒரே பொருளில் மட்டும் கேட்க வைத்த சமுதாயமே அப்பிழையைச் செய்தது. ஆயினும் நம் பிள்ளைகள் இனி அவ்வாறு அகப்படலாகாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இச்சொல்லின் மற்றொரு பிள்ளை நம் ஊரிலேயே இருக்கிறது. நம் செம்பரம்பாக்கம் ஏரியை ஆங்கிலத்தில் ‘ரிசர்வாயர்’ என்பார்கள். ரிசர்வ் செய்து வைக்கும் இடம் ரிசர்வாயர். ஒரு காலத்தில் வயல்களுக்குப் பாய்ந்த ஏரி, இன்று சென்னை மாநகருக்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் ஒன்று. அதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழையை ஏரி பிடித்து வைக்கிறது. சித்திரை வைகாசியில் அந்நீர் நகரத்துக் குழாய்களில் வருகிறது. ஏரி நீரைக் குடிப்பவர் எவரும் “இது ரிசர்வ் தண்ணீர், எனக்கு வேண்டா” என்று சொல்வதில்லை. மழைக் காலத்தில் பிடித்து வைக்காவிட்டால் கோடையில் எல்லோரும் தவிக்க நேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஏரி நமக்கு இன்னொரு பாடமும் கற்பித்தது. 2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெருமழையில் ஏரி நிரம்பியது. அடையாற்றில் திறந்த நீரின் அளவை விநாடிக்கு 29,000 கனஅடி வரை உயர்த்தினார்கள். ஆற்றங்கரையில் வாழ்ந்தோர் வீடுகளில் நள்ளிரவில் வெள்ளம் புகுந்தது. எப்போது திறந்திருக்க வேண்டும், எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று நெடுங்காலம் விவாதம் நடந்தது. அவ்விவாதத்திற்குள் நாம் புகவில்லை. ஆனால் காத்து வைத்தல் என்பது பாதிச் செயல்தான் என்பதை அன்று கண்டோம். காத்து வைத்ததை உரிய காலத்தில், உரிய அளவில், உரியவரிடம் சேர்ப்பது மறுபாதி. மதகு இல்லாத ஏரி ஏரியாகாது. ஆள் அமராத ஒதுக்கீடும் அவ்வாறே.

இனி இலக்கணத்திற்கு வருவோம். ‘ரிசர்வ்’ என்பது செயப்படுபொருள் குன்றாத வினை. பொருள் முழுமை பெற வேண்டுமானால் அதற்கு மூன்று வேண்டும். காத்து வைப்பவர் யார், காத்து வைத்தது எது, யாருக்காகக் காத்து வைத்தார் என்னும் மூன்று. யாருக்காக என்பதைக் காட்ட ஆங்கிலத்தில் ‘ஃபார்’ என்னும் சிறு சொல்லைச் சேர்ப்பார்கள். தமிழில் அவ்வேலையைச் செய்வது நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’.

இவ்விடத்தில் தமிழில் இச்சொல்லுக்கு வழங்கும் பெயர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். இரயிலில் ரிசர்வ் செய்தால் அதற்கு ‘முன்பதிவு’ என்று பெயர். அரசு காட்டை ரிசர்வ் செய்தால் அதற்குக் ‘காப்புக்காடு’ என்று பெயர். மனிதர்களுக்குப் பள்ளியிலும் பணியிலும் ரிசர்வ் செய்தால் மட்டும் ‘ஒதுக்கீடு’ என்று பெயர். மரத்துக்குக் காப்பு, மனிதனுக்கு ஒதுக்கு! அச்சொல்லை வைத்தவர் தீய எண்ணத்தோடு வைத்தார் என்று நாம் சொல்லவில்லை. நிதி ஒதுக்கீடு, நேர ஒதுக்கீடு என்றெல்லாம் வழங்கும் நல்ல சொல்தான் அது. ஆனால் நம் செவிக்கு அச்சொல் வேறு விதமாகவும் கேட்கிறது. “ஒதுங்கி நில்” என்று நம் பாட்டன்மாரைப் பார்த்துச் சொன்னார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் நம் குடியிருப்பை வைத்தார்கள். எழுத்தறியாதவரைப் “பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவன்” என்று கேலி பேசுவார்கள். நம் முன்னோர் மழைக்கு ஒதுங்கவும் அப்பள்ளிக்கூடத்தின் கூரை இடம் தரவில்லை என்பதைக் கேலி பேசுவோர் சொல்வதில்லை.

ஆகவே ‘ஒதுக்கு’ என்னும் ஒரே வினைக்கு இரண்டு முகங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுவது வேற்றுமை உருபு ஒன்றுதான். “நம்மை ஒதுக்கினார்கள்” என்பது இரண்டாம் வேற்றுமை. “நமக்கு ஒதுக்கினார்கள்” என்பது நான்காம் வேற்றுமை. வினை ஒன்றே, உருபு மாறியது, பொருள் தலைகீழாயிற்று. நம் சமுதாயத்தின் நூறாண்டுப் போராட்டத்தை ஒரு வரியில் சொல்லுமாறு எவரேனும் கேட்டால், ‘ஐ’ என்னும் உருபிலிருந்து ‘கு’ என்னும் உருபுக்கு நாம் நடந்து வந்தோம் என்று சொல்லலாம். ஆங்கிலத்திலும் இவ்விரு முகமும் உண்டு. அமெரிக்காவில் அம்மண்ணின் பழங்குடி மக்களைத் தம் நிலங்களிலிருந்து அகற்றி அடைத்த பகுதிகளுக்கும் ‘ரிசர்வேஷன்’ என்றே பெயர். அவர்களுக்கென்று நிலத்தை ஒதுக்குவதாகச் சொல்லி அவர்களையே ஒதுக்கினார்கள்.

அந்த ‘கு’ உருபு நமக்கு எளிதில் வந்து சேரவில்லை. அதன் வரலாற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். அங்கே ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், நம் மக்களின் நிலையை நேரில் கண்டு 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதன் பயனாக 1892-இல் நம் மக்களுக்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்றும், டி.சி. நிலம் என்றும் நம் பெரியோர் சொல்வது அதைத்தான். பத்தாண்டுகள் அந்நிலத்தை எவருக்கும் விற்கலாகாது. அதன் பின்னரும் நம் மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. ரிசர்வ் என்னும் சொல்லின் முழுப் பொருளும் அந்நிபந்தனையில் இருந்தது. ஆயினும் அந்நிலங்களுள் பல எங்கே போயின? கடனுக்கும், கைநாட்டுக்கும், மிரட்டலுக்கும் போயின. 1994-இல் இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டம் எழுந்தது. செங்கற்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிர் நீத்தனர். காத்து வைத்தோம் என்று ஏட்டில் எழுதிவிட்டால் போதாது, விழித்திருந்து காக்கவும் வேண்டும் என்பதற்கு நம் மண்ணே சான்று.

அடுத்து 1932-ஆம் ஆண்டு. செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அண்ணல் அம்பேத்கரோடு அதில் கையொப்பமிட்டவர்களுள் நம் பகுதியைச் சேர்ந்தவர் இருவர். ஒருவர், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். மற்றவர், பரங்கிமலையில் பிறந்து ஆசிரியராகவும் பணியாற்றிய எம்.சி. ராஜா. மாகாணச் சட்டமன்றங்களில் 148 இடங்களை அவ்வொப்பந்தம் நம் மக்களுக்கு ரிசர்வ் செய்தது. அவற்றுள் சென்னை மாகாணத்திற்கு 30. தனி வாக்காளர் தொகுதி என்னும் உரிமையை விட்டுக்கொடுத்துப் பெற்ற இடங்கள் அவை. விலை கொடுத்து வாங்கியதை எவரும் பிச்சை என்று சொல்லலாகாது.

1943-இல், வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கரின் முயற்சியால், மத்திய அரசுப் பணிகளில் நமக்கு எட்டே மூன்றில் ஒரு பங்கு விழுக்காடு கிடைத்தது. 1970-இல் அது 15 விழுக்காடாயிற்று. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 16-ஆம் உறுப்பு நான்காம் கூறு, அரசுப் பணிகளில் போதிய பங்கு பெறாத பிற்பட்ட வகுப்பினருக்கு இடங்களை ரிசர்வ் செய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தது. தமிழ்நாட்டில் 1971-இல் 16 விழுக்காடு 18 ஆக உயர்ந்தது. 1990-இல் பழங்குடியினருக்குத் தனியே 1 விழுக்காடு பிரித்து வழங்கினர். 2009-இல் அருந்ததியர் சகோதரர்களுக்கு அந்தப் பதினெட்டில் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது.

நன்னூல் படித்த மாணவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நான்காம் வேற்றுமைக்கு அந்நூல் பல பொருள்களைக் கூறுகிறது. கொடை என்பது அவற்றுள் ஒன்று. தகுதி, பொருட்டு, முறை என்பனவும் அவற்றுள் அடங்கும். ‘இரவலனுக்குப் பொருள் கொடுத்தான்’ என்னும்போது ‘கு’ கொடைப் பொருளில் வந்தது. ‘தாய்க்கு மகன்’ என்னும்போது அதே ‘கு’ முறைப் பொருளில் வந்தது. “உங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்” என்று ஏளனம் பேசுவோர் அந்த உருபைக் கொடைப் பொருளில் படிக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் அதை முறைப் பொருளில் எழுதினார்கள். நாமும் அவ்வாறே படிக்க வேண்டும்.

‘ரிசர்வ்’ பற்றிப் பேசும்போது பலர் எதிரே கொண்டுவந்து நிறுத்தும் சொல் ‘டிசர்வ்’ என்பது. டிசர்வ் என்றால் தகுதி பெறுதல். ‘ரிசர்வ்’ வேறு, ‘டிசர்வ்’ வேறு. நீங்கள் முன்னதில் வந்தவர்கள், பின்னதில் வந்தவர்கள் அல்லர் என்பது அவர்கள் வாதம். அவர்களுக்கும் சொற்பிறப்பே விடை கூறுகிறது. டிசர்வ் என்பது ‘டிசர்வீரே’ என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. நன்றாகப் பணிசெய்தல் என்பது அதன் பொருள். நன்றாகப் பணிசெய்தவரே பயனுக்குத் தகுதியுடையவர் என்னும் கருத்தில் அச்சொல் வளர்ந்தது. அப்படியானால், தலைமுறை தலைமுறையாக இந்நாட்டின் வயலில் நாற்று நட்டவர், ஏரிக்கரையில் மண் சுமந்தவர், ஊரின் குப்பையை அள்ளியவர், பறை அறைந்து செய்தி சொன்னவர் யார்? பணி செய்ததே தகுதிக்கு வேர் என்றால், நம்மைவிடத் தகுதி பெற்றவரை எங்கே தேடுவது?

இதைச் சொல்லும் நாமும் ஒரு காலத்தில் வாய்மூடி இருந்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. நாம் ஒதுக்கீட்டு இடத்தில் சேர்ந்தே பி.ஏ. படித்தோம், அவ்வாறே பி.எட். படித்தோம். பணியில் சேர்ந்த தொடக்கத்தில் ஒரு பள்ளியின் ஆசிரியர் அறையில் இப்பேச்சு எழுந்தது. “கோட்டாவில் வருபவர்களால் தரம் போயிற்று” என்றார் ஒருவர். அவருக்கு எம்மைப் பற்றித் தெரியாது. நாம் தேர்வுத்தாளைத் திருத்துவது போலக் குனிந்துகொண்டோம். அந்த ஆண்டு எம் வகுப்பு மாணவர் அனைவரும் ஆங்கிலத்தில் தேர்ச்சி பெற்றிருந்தார்கள். அதையாவது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அன்று குனிந்த தலை நெடுநாள் எம்மை உறுத்தியது. எம் மாணவர் வந்து அக்கேள்வியைக் கேட்டபோது, எம்முடைய மௌனந்தான் அவருடைய கேள்வியாக வளர்ந்து வந்ததோ என்று எமக்குத் தோன்றியது. மூத்தவர்கள் தலைகுனிந்தால் இளையவர்கள் சான்றிதழை மறைப்பார்கள்.

இளைஞர்களே! இனி உங்கள் நடைமுறைக்கு வேண்டிய சில செய்திகளைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, பொதுப்பிரிவு என்பது பிறருக்கென்று ரிசர்வ் செய்த இடமன்று. அது எல்லோருக்கும் திறந்த இடம். மதிப்பெண்ணால் பொதுப்பிரிவில் இடம் பெறும் நம் பிள்ளையை 18 விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கலாகாது என்பது சட்ட நெறி. சான்றிதழ் காட்டுவதனால் உங்கள் மதிப்பெண் குறைந்துவிடாது. காட்டாவிட்டால் ஒரு கதவை நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

இரண்டாவது, “பத்தாண்டுகளுக்கு மட்டுமே ஒதுக்கீடு என்று அம்பேத்கரே எழுதினார்” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பத்தாண்டு வரையறை நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளுக்கு மட்டுமே உரியது. அது 334-ஆம் உறுப்பில் இருக்கிறது. அதையும் நாடாளுமன்றம் மீண்டும் மீண்டும் நீட்டித்து, இப்போது 2030 வரை வைத்திருக்கிறது. கல்விக்கும் பணிக்கும் அத்தகைய காலவரையறையை அரசியலமைப்பு விதிக்கவில்லை. நம் பகுதியில் திருப்பெரும்புதூர், பூந்தமல்லி ஆகிய சட்டமன்றத் தொகுதிகள் நமக்கென்று ரிசர்வ் செய்தவை. திருப்பெரும்புதூர் நாடாளுமன்றத் தொகுதி 2009 தேர்தல் முதல் பொதுத் தொகுதியாயிற்று.

மூன்றாவது, நிரப்பாமல் விட்ட ஒதுக்கீட்டு இடங்கள் அழிந்துவிட வேண்டியதில்லை. அவற்றை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசென்று தனிக் கணக்காக நிரப்ப 2000-ஆம் ஆண்டின் 81-ஆவது திருத்தம் வழி செய்தது. ‘பேக்லாக்’ என்பார்களே, அது இதுதான். அறிவிப்புகளைப் படிக்கும்போது இச்சொல்லைத் தேடிப் பாருங்கள்.

நான்காவது, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை நம்மைச் சுற்றி எழுந்துள்ள தனியார் தொழிற்சாலைகளைப் பற்றியது. அங்கே வேலைவாய்ப்பில் ஒதுக்கீட்டுச் சட்டம் இல்லை. நம் ஊர்களைச் சுற்றி எழுந்த ஆலைகளில் நமக்கென்று காத்து வைத்த இடம் இல்லை என்பது வருந்தத்தக்கது; அதை மாற்றக் கோருவது நம் உரிமை. ஆயினும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தில் 3ஏ என்னும் பிரிவு, குறிப்பிட்ட தொழிற்பிரிவுகளின் பயிற்சி இடங்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ரிசர்வ் செய்யுமாறு கூறுகிறது. அச்சட்டம் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஐ.டி.ஐ. முடித்த நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் இதை அறிவர்? அவர்களுக்கு இதை அறிவிப்பதைச் சங்கம் வெள்ளி விழா ஆண்டின் பணியாக மேற்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஐந்தாவது, காத்து வைத்த இடத்திற்கு உரியவர் நேரத்தில் வந்து அமர வேண்டும். இரயிலில் முன்பதிவு செய்தவர் வராவிட்டால் அப்படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். சட்டம் நமக்காகப் படுக்கையை வைத்திருக்கும்; நமக்காகப் பயணம் செய்யாது. படிப்பு, உழைப்பு, உரிய நாளில் விண்ணப்பம் ஆகியவை நம் பங்கு. சாதிச் சான்றிதழை இன்றே வாங்கி, பிழையின்றிப் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எமது இல்லத்திற்கு வந்த மாணவருக்கு இவையனைத்தையும் அன்றிரவு சொன்னோம். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “அப்போ அது அவங்க குடுக்கிறது இல்லை சார், நம்மளுது. யாரோ நமக்காகப் பிடிச்சு வெச்சிருக்காங்க” என்றார். இத்தனை நேரம் நாம் பேசியதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் உரிய கட்டத்தை நிரப்பினார். தேர்வு எழுதினார். முடிவு இன்னும் வரவில்லை. எம் மாணவர் தலைநிமிர்ந்து தேர்வுக்கூடத்திற்குள் சென்றார் என்பதே இப்போதைக்கு எமக்குப் போதும்.

இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகச் செய்துவருவதும் அதுவே. மாலை வகுப்பு நடத்தி, நோட்டுப் புத்தகம் வழங்கி, கட்டணம் கட்ட இயலாதவருக்குக் கட்டணம் கட்டி, நம் பிள்ளைகளின் காலத்தை அவர்களுக்கென்று காத்து வைத்திருக்கிறது. இன்று இங்கே அமர்ந்திருக்கும் நீங்கள் நாளை உங்களுக்குப் பின் வருவோருக்காக ஓர் இடத்தைக் காத்து வையுங்கள். ‘ரிசர்வ்’ என்னும் வினைக்கு நீங்களே எழுவாயாக அமையும் நாள் வரட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறோம்.